சுவரோரத்துக் காட்டுக்கிழங்கு

உருளைக்கிழங்கு மாவிலிருந்து மக்கும் பைகள் செய்யும் ஆலையின் மேலாளர், மச்சினியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார். சுற்றுவட்டார வயல்களில் இருந்தது ஒரே ரகம். அழுகல் நோயில் அத்தனையும் போயிருந்தது. எந்த ரகம் தாங்கும் என்று பார்க்க, அதே நோயை அவள் வேண்டுமென்றே தொட்டிச் செடிகளில் ஏற்றியிருந்தாள். எல்லாம் கருகிக் கிடந்தன.

"அப்போ ஆலையை மூட வேண்டியதுதானா?"

"கடைசி வரிசைக்கு வாங்க அத்தான்."

அங்கே ஒரு செடி, எதுவுமே நடக்காதது போலப் பூத்து நின்றது. அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"நீ உருவாக்கின ரகமா?"

"காட்டு ரகம். கிழங்கு கோலிக்குண்டு அளவுதான், வாயில வைக்க முடியாத கசப்பு. ஆனா நம்ம ரகத்தோட கலந்தா, சில வருஷத்துல நோய் தாங்குற பயிர் கிடைக்கும்."

"எந்த மலையில பிடிச்சே?"

"உங்க ஆலையோட பின்சுவர் ஓரத்துல. அங்கே இன்னும் நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதம்."

அவர் முகம் வெளுத்தது. ஆலைக்குப் போன் செய்தார்.

"காலையில சுவரோரத்துக்குக் களைக்கொல்லி அடிக்கச் சொன்னேனே?"

"பாதி முடிஞ்சுது சார்."

"நிறுத்துங்க. மீதியை யாரும் மிதிக்கக்கூடக் கூடாது."

போனை வைத்தவர் அந்தச் சின்னஞ்சிறு பூவின் முன் குனிந்தார். தொட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை.