நான்காவது கோப்பை

பெய்பூ ஊர் மண்டபத்தில் ஊலாங் தேநீர்ப் போட்டி. நடுவர் லியாவ் ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் கரண்டியால் அள்ளி, கூட்டமே கேட்க சர்ரென்று உறிஞ்சி, எந்த வகைத் தேநீர் என்று சொல்கிறார். "இது வூயி, பாறை மணம். இது ஆன்ஷி, பூ வாசம். இது டாங்டிங், வறுத்த வாசம்." இந்த வருஷமாவது தன் தோட்டத்துக்குப் பரிசு கிடைக்க வேண்டுமே என்று பெங் யூமெய் கைக்குட்டையை முறுக்குகிறாள். நான்காவது கோப்பையின் செம்பொன் நிறத்தில் வெயில் மினுங்குகிறது. உறிஞ்சிய நடுவருக்குக் கண் செருகுகிறது. "அப்பப்பா, தேன்! இந்த இலையைப் பூச்சிகூடத் தொட்டிருக்காது. முதல் பரிசு இதுக்குத்தான்!" கோப்பைக்கு அடியிலிருந்த சீட்டில் யூமெயின் பெயர். அவள் பெஞ்சின் மேலேயே ஏறிவிடுகிறாள். "ஐயோ ஐயா, தத்துப்பூச்சி கடிச்சாத்தானே அந்தத் தேன் வாசனையே வரும்! என் தோட்டத்துல கடிபடாத இலையே இல்லீங்க!" மண்டபம் சிரிப்பில் அதிர்கிறது. நடுவர் நிதானமாக இன்னொரு கரண்டி உறிஞ்சுகிறார். "அதான் சொன்னேன், சாதாரணப் பூச்சி தொட்டிருக்காதுன்னு. இது நல்ல குலத்துப் பூச்சி."