ஐந்தாவது பலகை

இது அக்கா சொல்லிக் கேட்டது. அப்போது நான் அங்கே இல்லை.

அக்கா வரலாற்று டீச்சர். அத்தானோடு ஆற்றங்கரைப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கப் போனாள். அங்கே ஒவ்வொரு நடைபாதையிலும் ஒரே வாசகத்தோடு ஒரு பலகை.

‘பெருவெள்ளத்தின்போது படகோட்டி ஒருவர் முப்பத்தெட்டுப் பேரைக் கரை சேர்த்தார்.’

‘ஒருவர்’ என்பதற்குப் பிறகு ஒரு சொல்லை யாரோ சுரண்டியிருந்தார்கள். இரண்டாவது பலகையிலும் அதே இடம். மூன்றாவதிலும்.

“கூடாரம் அடிக்க வந்தியா, துப்பறிய வந்தியா?” என்றார் அத்தான்.

நான்காவது பலகையில் ஆள் கையும் களவுமாக மாட்டினார். பூங்காவைப் பெருக்குகிற பெரியவர். ஆணியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ‘தன்னந்தனியாக’ என்ற சொல்லில் பாதி மிச்சம்.

“சுத்தம் பண்ற நீங்களே இப்படிச் செய்யலாமா?”

“செய்யக் கூடாதுதாம்மா.”

“ஆபீஸ்ல சொன்னா வேலை போயிடும், தெரியுமா?”

“ஏற்கெனவே ரெண்டு தடவை எச்சரிச்சுட்டாங்க.”

“ஒரு மனுஷன் உயிரைப் பணயம் வச்சு ஊரைக் காப்பாத்தியிருக்கார். அவர் புகழ் நிலைக்கிறதுல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?”

பெரியவர் ஆணியைச் சட்டைப்பையில் போட்டார்.

“அது நான்தாம்மா.”

அக்கா பலகையை மறுபடி படித்தாள்.

“முன்துடுப்பு மட்டும்தான் நான். பின்துடுப்பு என் பொண்டாட்டி போட்டா. அவ இல்லேன்னா படகு முதல் சுழல்லயே கவுந்திருக்கும். இப்ப அவ இல்ல. நானும் பொய்க்குத் துணை போகலாமா?”

“ஆபீஸ்ல சொல்லலையா?”

“சொன்னேன். தனியாளுன்னு போட்டாத்தான் படிக்கிறவங்களுக்குப் புல்லரிக்குமாம்.” சிரித்தார். “இன்னும் ஒண்ணு மலைப்பாதை உச்சியில இருக்கு. முழங்கால்தான் விட மாட்டேங்குது.”

அக்கா யாரிடமும் புகார் சொல்லவில்லை. கதை அதோடு முடிந்தது என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நூலகத்தில் பழைய செய்தித்தாளைத் தேடினேன். படத்தில் ஒரு படகு, இரண்டு துடுப்பு, இரண்டு பேர்.

போன வாரம் மலைப்பாதையிலும் ஏறிப் பார்த்தேன். ஐந்தாவது பலகையிலும் அந்தச் சொல் இல்லை. சுரண்டல் மட்டும் கோணல்மாணல்.

பலகையின் இடுக்கில், நுனி வளைந்த கொண்டை ஊசி ஒன்று செருகியிருந்தது. என் முதல் சம்பளத்தில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது.