எண்ணெய் காணாத தலை

தங்கராஜு வண்டியைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தும் எஞ்சின் அசையவில்லை.

ரப்பர் விலை விழுந்து பழைய துரை சீமைக்குக் கப்பலேறியபோது, தோட்டத்து ரப்பர் காயும் புகைவீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் விட்டுப்போன மோட்டார் அது. அன்றிலிருந்து டிரைவர் தங்கராஜு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறான். இன்றைக்குள் வண்டி ஓடினால் பழைய வேலை, ஓடாவிட்டால் வண்டி லாயாங் லாயாங் டவுன் பழைய இரும்புக் கடைக்கு என்று புதுத் துரை சொல்லிவிட்டார்.

"மாட்டைப் பூட்டி இழுத்துப் பாக்கலாமாப்பா?" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சதாசிவம்.

"மாட்டு யோசனை மாட்டோட இருக்கட்டும் ஐயா. நீங்க நிழல்ல நில்லுங்க."

வரிசை வீட்டு லயமே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை இதற்குக் குங்குமம் அப்பிவிட்டுப் போன கூட்டம். ஒருத்தனுக்காவது மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடத் தோன்றியதா?

கூட்டத்தில் அவன் பெண்டாட்டி ராசம்மாவும் நின்றாள். எண்ணெய் காணாத தலை, தேங்காய் நார் மாதிரி. வெள்ளிக்கிழமை தவறாமல் வெந்தயம் போட்டு எண்ணெய் காய்ச்சுவாள். தலையில் ஒரு சொட்டு இருக்காது. தம்பி வீட்டுக்குக் கடத்துகிறாள் என்று லயம் கேட்க ஏசியிருக்கிறான். ஒருநாளும் அவள் மறுத்ததில்லை. டிரைவர் பெண்டாட்டி லட்சணமா இது?

எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகள் நாலும் அவன் மடியில் இருந்தன. வேலை போன அன்று, வேறு எவனும் ஓட்டிவிடக் கூடாதென்று கழற்றிக்கொண்டு போனவன் அவன்தான். எஞ்சினில் நாலு துளையும் திறந்து கிடப்பதை யாரிடமும் சொன்னதில்லை, கள்வெறியில் ராசம்மாவிடம் ஒருமுறை உளறியதைத் தவிர.

வண்டியைக் கியரில் போட்டான்.

"முன்னயும் பின்னயும் ஆட்டுங்கடா. சோத்துக்கு மட்டும்தான் பலமா?"

ஆட்டினார்கள். உள்ளே எங்கோ டக்கென்று விட்டது.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, எஞ்சின்மேல் குனிந்து கைப்பிடியைச் சுற்றினான். துருவேறிக் கரகரக்க வேண்டியது வழுவழுவென்று சுழன்றது. துளைகளிலிருந்து எண்ணெய் பீச்சி அவன் முகத்தில் அடித்தது.

"முன்னாடியே மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிட்டியா? கெட்டிக்காரன்தான்" என்றார் கிராணி.

தங்கராஜுவின் உதட்டில் வழிந்தது வெந்தயமாய் மணத்தது.

கூட்டத்தின் கடைசியில் ராசம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.