பின் சீட்டுச் சோதனை

“கதவைச் சாத்திட்டு, சாவியை எடுத்துக்கிட்டு, ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க” என்றார் அம்மா, புத்தம்புதுக் காரின் பின் சீட்டில் சாய்ந்தபடி.

விற்பனையாளர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

“ஏம்மா, ஓட்டிப் பாக்க வேண்டாமா?”

“ஓட்டறது அவன் வேலை தம்பி. குழந்தைங்க உள்ளேயிருந்து திறக்காம இருக்கக் கதவுல ஒரு பூட்டு இருக்குமே, அதையும் போட்டுச் சாத்துங்க. பேரனுக்காக எங்க வண்டியில எப்பவும் போட்டுத்தான் இருக்கும். பத்து நிமிஷம்.”

அம்மா முப்பத்தொரு வருஷம் எடை, அளவு ஆய்வாளராக இருந்தவர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. ஒரு கிராம் குறைந்தாலும் குத்த மாட்டார்; கடைக்காரர் கண்ணீர் விட்டால், துடைத்துக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். ஓய்வுபெற்ற பிறகு தராசு கிடைக்காததால் கண்ணில் பட்டதையெல்லாம் சோதிக்கிறார் என்பது மகனின் கட்சி.

மகன் வேலை மாறுகிறான். கம்பெனி கொடுத்த காரை மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆறு மாதமாக வீடியோ பார்த்து அவன் தேர்ந்தெடுத்திருந்தது இந்தச் சின்ன செடானின் மூன்றாம் தலைமுறையை. கூரையில் கண்ணாடி, முன்னால் டிவி மாதிரி ஒரு திரை. ஆனால், செக் புத்தகம் அம்மாவின் கைப்பையில் இருந்தது.

இதே காரின் முந்தைய இரண்டு தலைமுறைகளும் கடையின் பின்முற்றத்தில், பழைய வண்டிகளின் வரிசையில் நிற்பதை வாசல் பலகையைப் படித்து அம்மா கண்டுபிடித்துவிட்டார். எதையும் கடைசி வரி வரை படிக்கிற வியாதி.

“மூணு தலைமுறையையும் பாத்துடுவோம்.”

“எதுக்கும்மா? ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதைவிட முன்னேற்றம்.”

“நம்ம வீட்டுலயும்தான் மூணு தலைமுறை இருக்கு. எனக்கு முன்னேற்றம் ஒண்ணும் தெரியலையே!”

இப்போது, காருக்கு நாற்பதடி தள்ளி நின்றுகொண்டு மகன் குரலைத் தாழ்த்தினான். “தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா எப்பவும் இப்படித்தான்.”

“பரவாயில்ல சார். என் மாமனார் டயரை முகர்ந்து பாத்துத்தான் வண்டி வாங்குவாரு.”

பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தபோது அம்மாவின் முகமெல்லாம் வியர்வை.

“தேறல.”

“என்னம்மா குறை? பேசினாலே கேக்கற வண்டி!” என்றார் விற்பனையாளர்.

“பேசினேனே. ‘கண்ணாடியை இறக்கு’ன்னேன். அப்புறம் ‘இறக்குங்க’ன்னுகூடச் சொல்லிப் பாத்தேன்.”

“சாவி இல்லாம எப்படிம்மா கேக்கும்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

இரண்டாம் தலைமுறை, ஆறு வயது வண்டி. முந்தைய சொந்தக்காரர் ஒருவர்தான், அதுவும் டாக்டர் என்றார் விற்பனையாளர். டாக்டரைப் பற்றித் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அம்மா உள்ளே ஏறினார். இந்தத் தடவை ஏழாவது நிமிஷத்திலேயே உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார்.

“பட்டன் இருக்கு. அழுத்தினா பதில் இல்ல. தேறல.”

முதல் தலைமுறை, பதினோரு வயது. சாம்பல் நிறம். ஒரு பின்விளக்கு மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. முன் கண்ணாடிகளுக்குப் பட்டன். பின் கண்ணாடிகளுக்குக் கையால் சுற்றும் கைப்பிடி. கதவைச் சாத்தினார்கள். சாவியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

பத்தடி போவதற்குள் பின்னால் கிரீச் என்று சத்தம். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் ஒரு முழங்கை வெளியே வந்தது. அப்புறம் அம்மாவின் சிரிப்பு.

“இதுக்கு முத்திரை குத்தலாம்!”

மகன் வெடித்தான். “பதினோரு வருஷ வண்டிம்மா! கையால சுத்தற கண்ணாடி! புது ஆபீஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க!”

“சிரிக்கட்டும். உடம்புக்கு நல்லது.”

“எனக்குத் தெரியும். மிச்சப் பணத்தைத் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுக்கணும். அதுக்குத்தானே இவ்வளவு நாடகம்? இந்த வயசுல இப்படி ஒரு கஞ்சத்தனம் வேணுமா உனக்கு?”

அம்மா கைப்பையைத் திறந்து செக் புத்தகத்தை எடுத்தார். விற்பனையாளரிடம் திரும்பினார்.

“தம்பி, அந்தப் புது வண்டியிலயே பின்னால இந்தக் கைப்பிடியைப் பொருத்திக் குடுப்பீங்களா? இப்பவே முழுத் தொகைக்கும் செக் எழுதறேன்.”

“அது முடியாதும்மா.”

“அப்ப இதுதான். இதுலதான் நான் ஏறுவேன். வேற எதை வாங்கினாலும் அவன் பணத்துல வாங்கிக்கட்டும்.”

விற்பனையாளர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். “கோவிச்சுக்காதீங்கம்மா. ஓடற வண்டியில சாவி இருக்கும், கண்ணாடி இறங்கும், ஏசியும் வரும். நிறுத்திட்டு, சாவியை எடுத்துக்கிட்டுப் போன வண்டிக்குள்ள யாரும்மா உக்காந்திருக்கப் போறாங்க?”

மகன் குனிந்து பின்விளக்கை ஆராயத் தொடங்கினான்.

“நான்தான்” என்றார் அம்மா. “இவன் ‘இதோ வந்துட்டேன்மா’ன்னு சாவியோட இறங்கிப் போவான். புதன்கிழமை பேங்க் வாசல்ல நாப்பத்தோரு நிமிஷம். நேத்து, புதுக் கார்ல நான் சொகுசா உக்காரணும்னு சீட் கவர் பாக்கப் போனப்ப, உச்சி வெயில்ல ஐம்பத்து மூணு.”