முயல் புத்தகம்

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்பது மெட்டில்டா டீச்சரின் கட்சி. பள்ளி அலமாரியில் இருந்ததிலேயே ஒல்லியான முயல் படக்கதையை எடுத்து, "இதுங்க மண்டைக்கு இது போதும்" என்று தினமும் அதையே உரக்கப் படித்துத் தொலைத்தாள்.

இன்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைங்களுக்கு எதாவது புரியுதா, டீச்சர்?"

"எங்கே சார்! எல்லாம் களிமண்ணு. நான் வாசிக்கறதைக் கிளி மாதிரி திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்."

"யாராவது கதை சொல்லுங்க, பார்ப்போம்."

அங்காளம்மா எழுந்தாள். 'மூக்கைக்கூடத் துடைக்கத் தெரியாத இதுவா!' மெட்டில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்காளம்மா கைகட்டி நின்று, டீச்சரின் அதே ராகத்தில், தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள்:

"ஒன்ஸ் தேர் வாஸ் எ ராபிட். சிட் டவுன், டாங்கி! த ராபிட் வென்ட் டு த ரிவர். ஓப்பன் த விண்டோ, ஸ்டிங்கிங் ஃபெல்லோஸ்! த ராபிட் வாஸ் ஹாப்பி. டுமாரோ தட் பால்ட் ஹெட் இன்ஸ்பெக்டர் இஸ் கமிங், யூஸ்லெஸ் ஃபூல்!"

வகுப்பே கைதட்டியது.

வேதசிரோமணி வழுக்கையைத் தடவியபடி புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"முயல் இருக்கு, ஆறு இருக்கு. நான் எந்தப் பக்கத்துல வரேன், டீச்சர்?"