கொசுறு

உட்காரச் சொல்லியும் லோவெல் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே கர்ட்டிஸின் பரிசோதனைக் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார். அவருடைய கஞ்சாப் பயிரின் ரிசல்ட் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடும். சரியாக வந்தால் நாளையே அறுவடை. இல்லாவிட்டால் அரசாங்க ஆள் பக்கத்தில் நின்று வயல் மொத்தத்தையும் கொளுத்த வைப்பான்.

காத்திருந்தவர்களில் டென்னி என்பவன் ஏற்கெனவே ரிசல்ட் வாங்கியிருந்தான். போதைச்சத்து இருபத்தொன்பது சதவீதம். பிள்ளை வாங்கிய மார்க் மாதிரி அதை எல்லாரிடமும் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் வெயில் செமத்தியா காஞ்சிருக்கு. உங்களுக்கும் எகிறும் பாருங்கண்ணே" என்று லோவெலுக்கு ஆறுதல் சொன்னான். லோவெலின் முகம் இன்னும் வெளுத்தது.

சரக்கு யாருக்குப் போகிறது என்று விசாரித்தான். பக்கத்து ஊர்க் குதிரைப் பண்ணைக்கு என்றார் அவர், நடையை நிறுத்தாமலே.

"குதிரைக்கா? குடுத்து வெச்ச குதிரைங்கதான் போங்க."

எல்லாரும் சிரித்தார்கள். லோவெலுக்குச் சிரிப்பு எங்கே வரும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கர்ட்டிஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இளகிய மனசு, அதுதான் அவருடைய வியாதியே. கஞ்சா சட்டப்படியான தொழிலான பிறகு அமெரிக்காவின் அந்த கிராண்ட்ஸ் பாஸ் ஊரில் தெருவுக்கொரு பரிசோதனைக் கூடம் முளைத்துவிட்டது. பூச்சிமருந்து இல்லை, பூஞ்சை இல்லை என்று எவ்வளவு சுத்தமாகப் பார்த்துச் சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. போதை எண் எங்கே கூடுதலாக வருகிறதோ அங்கேதான் கூட்டம். அதனால் கர்ட்டிஸும், காய்க்காரர் கறிவேப்பிலை போடுவதுபோல, வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணில் கொஞ்சம் கொசுறு சேர்த்துவிடுவார்.

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த மார்லீன் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அதற்கு முன்பு வேறிடத்தில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்த பெண் அவள்.

"சார், லோவெலோடது ரொம்ப ரொம்பக் கம்மியா வருது. எவ்வளவுன்னு சொன்னா நம்பமாட்டீங்க."

"சொல்லாதம்மா, மனசு தாங்காது. வழக்கமா சேர்க்கிறதை அவருக்கு ரெண்டு மடங்கா சேர்த்து அனுப்பிடு."

அவளும் சேர்த்தாள், பொத்தானை அழுத்தினாள். ரிசல்ட் நேராக மாநில அலுவலகத்துக்குப் போனது. நகல் ஒன்று அச்சாகி வெளியே வந்தது.

கர்ட்டிஸே அதை எடுத்துக்கொண்டு போய், லோவெலின் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"கவலைய விடுங்கண்ணே. உள்ளதுக்கு மேல தாராளமாவே போட்டிருக்கேன். அரசாங்கத்துக்கும் போயாச்சு. வெளிய மட்டும் சொல்லிக்காதீங்க."

லோவெல் தாளைப் பார்த்தார். அன்றைக்கு முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது நாருக்காக வளர்க்கிற கஞ்சா ஜாதிங்க. குதிரை லாயத்துல படுக்கையா போடுறது. இதுல போதை அளவுக்கு மேல துளி ஏறினாலே கொளுத்தச் சொல்லிடுவாங்க."

கர்ட்டிஸ் மார்லீனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இயந்திரத்தில் ஏதோ கோளாறு இருக்கும், இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று இழுத்தார். அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்த டென்னி தன் இருபத்தொன்பதைச் சத்தமில்லாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

லோவெல் எதையும் காதில் வாங்கவில்லை. மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே அதைக் கர்ட்டிஸின் கையில் திணித்தார்.

"கொசுறு போட்டதை நீங்களே சொல்லிடுங்க தம்பி."