எருமை மறித்த பேருந்து

பொட்டலில் குடியேறிய பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் 'பூஞ்சோலைபுரம்' என்று பலகை நட்டிருந்தார்கள். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்து அதை மதிக்கவில்லை. கை காட்டினாலும் நிற்காமல் போனது. செல்லக்கனிக்கோ இடுப்புவலி தொடங்கிவிட்டது.

"நூறு பேர் இருந்தாத்தான் அதுக்கு ஊராம்," என்றான் கணவன் இசக்கித்துரை.

"அந்த நூறையும் நானா பெத்துப் போட முடியும்? நம்ம எருமையைப் பத்திட்டு வந்து ரோட்டுல படுக்க வைங்க."

"நாங்களே மறிக்கமாட்டோமாட்டி?"

"மனுசன் மறிச்சா போலீசு வரும். எருமையை எவன் பிடிப்பான்?"

எருமை படுத்தது. பேருந்து நின்று, மற்ற நிறுத்தங்களில் செய்வதுபோலவே கதவைத் திறந்தது; இருவரும் ஏறிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது.

பிள்ளையோடு திரும்பியபோது, ரோட்டில் எருமை இல்லாமலே பேருந்து அதே இடத்தில் நின்றது.

"எருமைப்படுக்கை. இறங்குபவர்கள் இறங்கலாம்," என்று அறிவித்தது.

இசக்கித்துரைக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாட்டி, நம்மளையும் ஊருன்னு சேத்துட்டு."

செல்லக்கனி பிள்ளையை அணைத்தபடி இறங்கினாள்.

"சிரிக்காதீங்க. எருமைப்படுக்கை மாப்பிள்ளைன்னா, நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"